எண்ணெய் உண்ணாத கார்

1

இந்த ஊருக்கு வந்து பதினாறு வருடம் நிறைந்த அன்று காலை என் காரின் பின்னாலிருந்து நீலப்புகை கிளம்பியது. ஸ்கூடாய் நெடுஞ்சாலை, ஏழே கால் மணி, மூன்று தடங்களும் நத்தையாக ஊரும் நேரம். மோட்டார் சைக்கிள்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தார்கள். ஒருவர் மட்டும் என் கண்ணாடியைத் தட்டிப் பின்பக்கம் கைகாட்டிவிட்டுப் போனார். பிறந்தநாள் கேக்கின் மெழுகுவத்தியை யாரோ ஊதி அணைத்ததுபோல மெல்லிய, அழகான புகை. என் மகள் யாழினி பக்கத்து இருக்கையில் இருந்தாள். மடியில் அட்டைக் குழல், அதற்குள் மூன்று வாரம் கண்விழித்து வரைந்த வரைபடங்கள். எட்டு மணிக்கு அவள் அவற்றை ஆசிரியர்கள் முன் விரித்துப் பேச வேண்டும்.

அவள் புகையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

ஊரிலிருந்து நீங்கள் அனுப்பிய வாழ்த்துகள் எல்லாம் வந்து சேர்ந்தன. காருக்கு மாலை போட்ட படத்தைப் பார்த்து, மலேசியாவில் கார் வாங்கிவிட்டாயே, பெரிய ஆளாகிவிட்டாயே என்று எழுதியிருந்தீர்கள். பதில் போடாமல் இருந்தேன். இதுதான் பதில்.

2

பதினாறு வருடம் கார் இல்லாமல் இருந்ததை நான் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தேன். கையாலாகாததை எல்லாம் கொள்கை என்று சொல்லிக்கொள்வது என் வயதுக்காரர்களின் வழக்கம். பாசிர் கூடாங் துறைமுகத்தை ஒட்டிய செம்பனை எண்ணெய்க் கிடங்கில் வேலை. வெள்ளைத் தொட்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் எண்ணெய் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் கருவிகளைப் பழுது பார்ப்பவன் நான். எண்ணெய் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துச் சொல்வதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சிரிப்பதற்குத் தேவைப்படும்.

உலு திராமில் வீடு. தொழிற்சாலைப் பேருந்து வாசலுக்கு வரும், ஏறித் தூங்குவேன், இறங்குவேன். மனைவி வாசுகிக்கு சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் பாலத்தைக் கடக்கக் கிளம்பி, நான் சோறு வடிக்கும் நேரத்துக்குத் திரும்புகிறவள். ஆக, வீடு என்று நான் சொல்வது பெரும்பாலும் நானும் யாழினியும்தான்.

அவளுக்கு ஸ்கூடாயில் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்தது. இரண்டு பேருந்து மாறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தோழிகள் இருவர் கல்லூரிக்குப் பக்கத்தில் அடுக்குமாடியில் வீடு பிடித்திருந்தார்கள். மூன்றாவது அறை காலி. அதைச் சொல்லும்போது அவள் குரலில் தயக்கமே இல்லை. தயங்கியிருந்தால் நான் பேசி மடக்கியிருப்பேன்.

நான் தினமும் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். எதில் என்று கேட்டாள். கார் வாங்குகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது.

"சரிப்பா. அடுத்த மாசக் கடைசி வரைக்கும் அந்த ரூம யாருக்கும் குடுக்க மாட்டாங்க. அதுக்குள்ள நீங்க காடி வாங்கி, நான் டைமுக்குப் போய்ச் சேந்தா வீட்லயே இருக்கேன். இல்லன்னா போறேன். ஓகேயா?"

காடி. இங்கே காருக்கு அதுதான் பெயர். காடி என்றால் புளித்த நீர் என்று அவளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்றும் சொன்னேன். மகள் வீட்டைவிட்டுப் போவதா இருப்பதா என்று பேசிக்கொண்டிருக்கும்போது சொல்லாராய்ச்சி செய்த தகப்பன் ஜொகூர் மாநிலத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவள் பெயரில் ழகரம் வேண்டும் என்று அடம்பிடித்து வைத்தவன் நான். அவள் தன்னை யாலினி என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறாள். கேட்டால், "அவங்களுக்கு வராதுப்பா" என்பாள். யாருக்கு வராதென்று நான் கேட்டதில்லை.

3

காலையில் உலு திராமிலிருந்து மேற்கே ஸ்கூடாய், அங்கிருந்து கிழக்கே திரும்பிப் பாசிர் கூடாங், மாலையில் வடக்கே வீடு. தினமும் ஒரு முக்கோணம். பக்கத்து வீட்டு ராஜு இதைக் காகிதத்தில் வரைந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சுற்றுக்கு மலிவாகவும் சிக்கனமாகவும் ஓடுகிற பழைய கார் கிடைப்பது, சம்பளமும் கேட்காமல் சண்டையும் போடாமல் வேலைக்காரன் கிடைப்பதுபோல என்றார். இருந்தாலும் இரண்டு வாரம் ஒவ்வொரு மாலையும் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பழைய கார் பார்ப்பது இங்கே பெண் பார்ப்பதுபோல் ஒரு பொழுதுபோக்கு. போகிறவர்கள் யாரும் வாங்குவதில்லை; குறை சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வருவார்கள்.

பார்த்த வரன்களைச் சொல்கிறேன். தோல் இருக்கை வைத்த பெரிய ஜப்பானியக் கிழவர் ஒருவர்: நின்ற இடத்திலேயே இரைந்து பெட்ரோலைக் குடித்தார், ஜமீன் போய் நாளாகியும் விருந்து விடாதவர்போல. பாதி மின்சாரத்தில் ஓடுவதாகச் சொன்ன இன்னொருவருக்கு மின்கலம் செத்துப்போய், மாற்றும் செலவில் இன்னொரு காரே வாங்கலாம் என்று தெரிந்தது. மூன்றாவது காருக்குள் தலையை நுழைத்ததும் நறுமணத் தெளிப்பு முகத்தில் அறைந்தது. ராஜு தரைவிரிப்பைத் தூக்கினார். அடியில் காய்ந்த சேறு. ஏதோ ஒரு வெள்ளத்தில் கழுத்துவரை நின்றுவிட்டு வந்து, சென்ட் அடித்துக்கொண்டு பல்லிளித்தது.

எல்லாக் காருக்கும் ஒரே வரலாறு. ஒரே உரிமையாளர், அவர் ஆசிரியை, பள்ளிக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டினார். இந்த மாநிலத்தில் அத்தனை ஆசிரியைகள் இருந்தால் என் மகளின் தமிழ் ஏன் இப்படி இருக்கிறது என்று ராஜுவிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய மனைவி ஆசிரியை.

4

கடைசியில் ஸ்கூடாய் சாலையோரத்தில், தகரக் கூரையும் பிளாஸ்டிக் நாற்காலியுமாக இருந்த ஒரு விற்பனை முற்றத்தில், டோனி என்கிற அந்தோணியைப் பார்த்தோம். அறுபது வயது. எஸ்டேட்டில் பிறந்து, ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் வெளியேறி, லாரி ஓட்டி, பிறகு கார் விற்க வந்தவர். ஒரு வாக்கியத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு வரும். அவர் பேசப் பேச என் உதடு ஒருபக்கம் கோணியதை ராஜு பிற்பாடு எனக்கு நடித்தே காட்டினார்.

அங்கே ஒரு வெள்ளைச் சிறுகார். ஆயிரம் சிசி. எலிப்பொறிக்குச் சக்கரம் வைத்ததுபோல் இருந்தது. விலையைக் கேட்டதும் எனக்குப் பிடித்துப்போயிற்று.

பழைய கார் வாங்கப்போகிறவன் கேட்கவேண்டிய கேள்விகளை எல்லாம் படித்து வைத்திருந்தேன். அதில் தலையானது, இயந்திரம் தேய்ந்து எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறதா என்பது. ஆயில் என்று கேட்டிருக்கலாம். ஊரில் எந்தப் பட்டறைச் சிறுவனும் அப்படித்தான் கேட்பான். ஆனால் எதிரே மூன்று மொழிக் கலவைக்காரர் நிற்கிறார். அவருக்கு நல்ல தமிழ் எப்படி இருக்கும் என்று காட்டவேண்டாமா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன்:

"அண்ணே, இந்த மகிழுந்து எண்ணெய் உண்ணுமா?"

டோனி ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"எண்ணெயா? சாப்பிடவே சாப்பிடாது தம்பி. மோந்து பாத்துட்டே ஓடும்."

இரண்டாம் முறை கேட்டேன். அதையே சொன்னார். மூன்றாம் முறை, எழுதித் தருவீர்களா என்றேன். ராஜு அப்போது தெருமுனையில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்; இல்லாவிட்டால் இந்தக் கதை நடந்திருக்காது. டோனி ரசீதைத் திருப்பிப் போட்டு, தமிழ்ப்பள்ளியில் படித்த குண்டுக் கையெழுத்தில் எழுதினார்: "இந்த காடி எண்ணெ சாப்பிடாது." கீழே கையொப்பம்.

எண்ணெய்க்கு 'ய்' போடவில்லை, வலி மிகுந்ததா மிகவில்லையா என்ற கவலையும் இல்லை என்று மனசுக்குள் சிவப்பு மையால் திருத்திக்கொண்டே அதை மடித்துப் பையில் வைத்தேன். எண்ணெய் அளவு பார்ப்பவன், பானெட்டைத் தூக்கி அளவுகோலை ஒருமுறை இழுத்துப் பார்க்கவில்லை. சொல் வாங்கிவிட்டேன் அல்லவா, போதாதா?

வண்டியின் பின்பெட்டியில் இரண்டு கறுப்பு பாட்டில்கள் கிடந்தன. யாரோ மறந்துவிட்ட பழைய சாமான் என்று எடுத்து மாடிப்படிக்கு அடியில் போட்டேன்.

5

காரை என் பெயருக்கு மாற்ற அலுவலகத்துக்குப் போனேன். எண் சீட்டு, காத்திருப்பு, இன்னொரு எண் சீட்டு. கட்டைவிரல் ரேகையைக் கருவி ஏற்கவில்லை. துடைத்தேன், ஊதினேன், அழுத்தினேன். பதினாறு வருடச் செம்பனை எண்ணெயில் ரேகை தேய்ந்திருக்கும் என்று அந்த மலாய்க்காரப் பெண்ணிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு தலையசைத்து, மற்ற விரலை வைக்கச் சொன்னார்.

பிறகு ஒலிபெருக்கியில் "என்ச்சே கோவிந்தசாமி", அதாவது திருவாளர் கோவிந்தசாமி, என்று அழைத்தார்கள். யாரும் எழவில்லை. மூன்றாம் முறைதான் அது நான் என்று உறைத்தது. என் பெயர் இளம்பரிதி. நீங்கள் முதலெழுத்தாக மட்டும் அறிந்த என் அப்பா, இந்த நாட்டுக் கணினியில் எனக்கு முன்னால் நிற்கிறார். வாகன அட்டையிலும் அவர் பெயர்தான் முதலில். விருத்தாசலத்தில் மொபெட் தவிர ஒன்றையும் ஓட்டாத தபால் எழுத்தர், செத்து ஒன்பது வருடம் கழித்து ஜொகூரில் கார் வாங்கிவிட்டார்.

அந்த மொபெட்டுக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். கல்லூரியில் தமிழ் மன்றத்தில் சேர்ந்த புதிதில், பங்க்கில் 'ஆயில்' என்று கேட்காதீர்கள், 'எண்ணெய்' என்று கேளுங்கள் என்று அப்பாவைத் திருத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "எண்ணெய்னு கேட்டா தலையில தேச்சு விட்ருவான்டா."

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அலுவலக நாற்காலியில் சிரித்தேன். அது எனக்குச் சொன்ன எச்சரிக்கை என்று அப்போதும் புரியவில்லை.

6

மூன்று வாரம் முக்கோணம் ஒழுங்காக வந்தது. பெட்ரோல் முள் அசையவே யோசித்தது. டோனி பொய் சொல்லவில்லை, மோந்து பார்த்துக்கொண்டேதான் ஓடியது. ஏழரைக்கெல்லாம் யாழினி கல்லூரி வாசலில் இறங்கினாள்.

காலையில் அந்த நாற்பது, ஐம்பது நிமிடம். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். சிக்கனம் கிக்கனம் எல்லாம் ராஜுவுக்குச் சொன்ன காரணம். அவள் பிள்ளையாய் இருந்தபோது நான் ஷிப்டில் இருந்தேன். பள்ளிக்குப் போனபோதும் ஷிப்டில் இருந்தேன். மேற்பார்வையாளரிடம் கெஞ்சிப் பகல் வேலை வாங்கி, பேருந்து இருக்கையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து, இந்த நேரத்தைச் சம்பாதித்திருந்தேன். கிடைத்ததை என்ன செய்தேன்? திருத்தினேன். அவள் தன் ஆசிரியர் ஒருவர் நடப்பதை நடித்துக் காட்டினாள். "நடக்குறாரு லா" என்றதில், இங்கே எல்லோரும் வாக்கிய முடிவில் ஒட்டுகிற அந்த லா எதற்கு என்று கேட்டேன். மழைநீர் தேங்காத வாசல் ஒன்றை எப்படி வரைந்தாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். 'டிசைன்' என்பதற்குத் தமிழ் என்ன என்றேன். இரண்டாம் வாரம் அவள் காதில் செவிப்பேசி ஏறிவிட்டது. பாட்டு பிடிக்கும் வயது என்று எண்ணிக்கொண்டேன்.

மாதம் முடிய ஐந்து நாள் இருக்கையில் நீலப்புகை.

7

ஓரத்தில் நிறுத்தினேன். யாழினி கைபேசியில் வாடகைக் கார் கூப்பிட்டாள். நெரிசலில் அது வந்து சேர நாற்பது நிமிடம். ஏறும்போது அட்டைக் குழல் கதவில் இடித்தது, தடவிப் பார்த்துக்கொண்டாள். "போய்ட்டு வரேன்ப்பா" என்றாள். அவள் முறை போய்விட்டது, மறுவாரம் பாதி மதிப்பெண்ணுக்குத்தான் பேச விடுவார்கள் என்று மாலையில்தான் தெரிந்தது.

இழுவை வண்டி கொண்டுபோய் விட்ட பட்டறையில் சீன மெக்கானிக் ஒருவர் அளவுகோலை இழுத்து, துணியில் துடைத்து, மறுபடி விட்டு இழுத்து, என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஈரமே இல்லை. கார் மினியாக் ஹித்தாம் சாப்பிடுகிறது என்று மலாயில் சொன்னார். கறுப்பு எண்ணெய், எஞ்சின் ஆயில். இன்னும் இரண்டு கிலோமீட்டர் போயிருந்தால் இயந்திரம் இறுகிச் செத்திருக்கும், இப்போதைக்குப் பிழைத்துக்கொண்டது, வாரம் ஒருமுறை பார்த்து ஊற்றினால் ஓடும் என்றார்.

எனக்கு எரிந்த எரிச்சலில் அந்தப் பட்டறைக்கே நெருப்பு தேவைப்பட்டிருக்காது. மாலை யாழினி வந்ததும் ரசீதை எடுத்து மேசைமேல் அடித்தேன். எழுதிக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறான், கையெழுத்து இருக்கிறது, நுகர்வோர் மன்றத்துக்கு இழுக்கிறேன் என்றேன். அவள் அதை எடுத்துப் படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படித்தாள். அன்று முழுவதும் சிரிக்காதவள், வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க அவர்ட்ட என்னன்னு கேட்டீங்க?"

எண்ணெய் உண்ணுமா என்று கேட்டதாகச் சொன்னேன்.

"ப்பா. இங்க எண்ணென்னா பெட்ரோல் லா. நீங்க கேக்க வேண்டியது கறுப்பு எண்ணெ."

ராஜு "எண்ணெ ஊத்திட்டு வரேன்" என்று சொல்லிப் பதினாறு வருடமாகக் கேட்டிருக்கிறேன். பேருந்து ஓட்டுநர் சொல்லியும் கேட்டிருக்கிறேன். தெரியாத சொல் இல்லை. அவர்கள் பிழையாகப் பேசுகிறார்கள், மலாய்க்காரர்கள் பெட்ரோலையும் எண்ணெயையும் ஒரே சொல்லில் அழைப்பதைப் பார்த்துக் கெட்டுப்போனார்கள் என்று தள்ளிவைத்த சொல். என் சரியான சொல் அவர்கள் காதில் விழுந்ததும் அவர்களுடைய சொல்லாகிவிடும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் கவனமாகக் கேட்டிருப்பேன். மலாயில் கேட்டிருந்தால் இருமுறை உறுதி செய்திருப்பேன். தமிழ் அல்லவா, என் சொத்து அல்லவா!

8

அப்படியும் சனிக்கிழமை டோனியிடம் போனேன். யாழினி கூட வந்தாள். சண்டையை விலக்குவதற்கா, பார்ப்பதற்கா என்று சொல்லவில்லை. டோனி ரசீதைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் படித்துவிட்டு, சரியாகத்தானே எழுதியிருக்கிறேன் என்றார். அது இப்போதும் எண்ணெய் சாப்பிடாது. கறுப்பு எண்ணெய் கொஞ்சம் சாப்பிடும், வயதான வண்டி வேறு என்ன செய்யும், அதனால்தானே அந்த விலை?

"அதுக்குத்தானே ரெண்டு போத்தல் பின்னால வெச்சேன். பாக்கலியா?"

மாடிப்படிக்கு அடியில் கிடந்த பாட்டில்கள் என் கண்முன் வந்து நின்றன. அதை ஏன் வாயால் சொல்லவில்லை என்று கேட்டேன். குரலில் பாதிக் காற்று போய்விட்டிருந்தது.

"தம்பி, நீங்க மகிழுந்து கிகிழுந்துன்னு பேசுனதக் கேட்டு நான் பயந்துட்டேன். பெரிய படிப்பாளி, இவருக்குப் போய் நம்ம என்னத்த சொல்றதுன்னு விட்டுட்டேன்." அவர் யாழினி பக்கம் திரும்பினார். "இந்தியாவுலேர்ந்து வர்ற ஊர்க்காரங்க பேசறது நல்லாத்தான் பேசறாங்கம்மா. கேக்கத்தான் தெரியல."

யாழினி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. காதிலிருந்து செவிப்பேசியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

டோனி ஒரு பாட்டில் கறுப்பு எண்ணெயைத் தன் கையாலேயே ஊற்றிவிட்டார். திரும்பும் வழியில் பாதித் தூரம் போன பிறகு, அந்த ரூமுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன்ப்பா என்றாள். காரால்தானே என்று கேட்டேன். வெளியே செம்பனைத் தோட்டம் ஒன்று முடிந்து புதுக் குடியிருப்பு ஒன்று தொடங்கும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

"காடியாலன்னே வெச்சுக்குங்கப்பா."

காடி. நான் திருத்தவில்லை. திருத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்ள நல்ல நாள் பார்த்தேன் போங்கள்.

9

ஞாயிறு அவளுடைய மெத்தை, வரைபலகை, அரிசிக் குக்கர், வாசுகி கட்டிக்கொடுத்த பொடி வகைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனோம். கார் புகை விடவில்லை, முனகவில்லை, அரைமணி நேரம் முன்னதாகவே கொண்டுபோய்ச் சேர்த்தது. வெட்கங்கெட்ட கார்.

சாமான் இறக்கியதும் யாழினி பானெட்டைத் திறந்து, அளவுகோலை இழுத்து, தாளில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெயிலில் காட்டினாள். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும் என்றாள். பதினாறு வருடமாகத் தொட்டித் தொட்டியாக மட்டம் பார்க்கிறவனிடம் சொன்னாள். தெரியுமே என்று வாய்வரை வந்தது. சரிம்மா என்றேன்.

முக்கோணத்தில் ஒரு கோணம் கழன்றுவிட்டது. இப்போது உலு திராம், பாசிர் கூடாங், மறுபடி உலு திராம், ஒரே கோடு. பேருந்து இருக்கைக்குத் திரும்பலாம் என்றால் அதில் வேறொருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். தூரம் குறைந்தது, எடை குறைந்தது, பெட்ரோல் முள் அசைவதே இல்லை. நல்ல காடி எடுத்திருக்காருண்ணே, இதைவிடச் சிக்கனம் கிடையாது என்று ராஜு போவோர் வருவோரிடம் எல்லாம் சொல்கிறார். உண்மைதான். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாவிட்டால் எந்தக் காரும் சிக்கனம்தான்.

தினமும் ஏழே காலுக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி வருகிறது. தமிழ் எழுத்தில்தான் அனுப்புகிறாள், 'ய்' இல்லாமல்: எண்ணெ பாத்தீங்களா?

பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, துணியும் கோலுமாக நின்றபடி, அன்று டோனி என்னிடம் கேட்டிருக்கக்கூடிய, அதைவிட நான் என்னிடமே கேட்டிருக்கவேண்டிய இரண்டே சொல்லை அவளுக்குத் திருப்பி அனுப்புகிறேன். நானும் 'ய்' போடுவதில்லை.

எந்த எண்ணெ?